பாடங்கள் பெருகின, பட்டறைகள் எங்கே?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகிற மே மாதத்தில், தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும், பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், உறவினரும் அண்டை அயலாரும் கேட்கிற கேள்வி ஒன்றாகவே இருக்கும்: “என்ன க்ரூப்?” கணக்கும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் க்ரூப்புக்குத் தலைமையான மரியாதை, கம்ப்யூட்டர் சேர்ந்ததற்கு அடுத்த மரியாதை, காமர்ஸுக்கு அதற்கும் அடுத்தது, தொழிற்கல்விப் பிரிவோ, மதிப்பெண் குறைந்தவர்களுக்கென்று ஒதுக்கி வைத்த கடைசி இடம் என்றே ஜனங்களின் மனத்தில் பதிந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தின் ஓரமெல்லாம் உருவங்கள் வரைந்து வைத்திருக்கிற பெண்ணுக்கும், அண்ணனுடைய செல்பேசியில் தெருக் கிரிக்கெட்டைப் படமெடுத்து, வேண்டாத பகுதிகளை வெட்டி, பின்னணி இசையும் சேர்த்து நண்பர்களுக்கு அனுப்புகிற பையனுக்கும் இந்த வரிசையில் இடம் எது என்று கேட்டால், பெரியவர்கள் சொல்லும் விடையும் ஒன்றாகவே இருக்கிறது: “அதெல்லாம் ப்ளஸ் டூ முடிச்சப்புறம் பார்த்துக்கலாம்.”

ப்ளஸ் டூ முடிந்துவிட்டால், பார்ப்பதற்குப் பஞ்சமில்லைதான். தாம்பரத்திலிருந்து கிழக்கே ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரிக்குச் செல்லும் சாலையிலும், தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், பொத்தேரி என்று நீளும் ஜி.எஸ்.டி. சாலையிலும் நிற்கிற விளம்பரப் பலகைகளை ஒரு மாணவன் வாசித்துக்கொண்டே போவானாகில், விஸ்காம், அனிமேஷன், ஃபேஷன் டிசைன், ஃபிலிம் மேக்கிங், கேம் டிசைன், டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று அவனுடைய தகப்பனார் மாணவராக இருந்த காலத்தில் கேள்விப்பட்டிராத பாடங்களின் பெயர்களையெல்லாம் ஒரு பகற்பொழுதுக்குள் அறிந்துகொண்டுவிடலாம். 1837-இல் தொடங்கப்பட்டு, 1931-இல் மின்சார ரயில் தாம்பரத்தை எட்டிய சில ஆண்டுகளுக்குள், 1937-இல் நகரத்து நெரிசலை விட்டு இங்கே வந்து குடியேறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அக்காலத்தில் இலக்கியம், தத்துவம், சரித்திரம், விஞ்ஞானம் ஆகியவற்றுக்கே பேர்பெற்றிருந்தது. இன்று அதே 365 ஏக்கர் வனத்தினுள் விஷுவல் கம்யூனிகேஷனும் ஒரு துறையாக வேரூன்றியிருக்கிறது. பல்லாவரத்திலும் பொத்தேரியிலும் படூரிலும் வேளச்சேரியிலும் அதே பட்டம் கிடைக்கிறது.

பட்டியல் நீண்டதைக் குறைகூறுவதற்கில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு டாக்டர், இன்ஜினீயர் என்னும் இரண்டே வாசல்களுக்கு வெளியே நின்றவர்கள் வேண்டா வெறுப்பாக ஏதோ ஒரு பட்டத்தைப் படித்து முடித்த நிலைமையோடு ஒப்பிட்டால், இது அபிவிருத்தி என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், ஓட்டல் பலகையில் எழுதியிருக்கிற பலகாரங்களில் பாதி ‘இன்று இல்லை’ என்று சர்வர் வந்து சொல்லும்போதுதான் சமையற்கட்டின் விஸ்தீரணம் நமக்குத் தெரிய வருவதுபோல, இந்தப் பாடங்களில் எத்தனைக்குப் பின்னால் பழகுவதற்குரிய கருவியும், அதில் கை பழுத்த ஆசிரியரும், செய்து பார்த்துக் கெடுத்து மறுபடியும் செய்வதற்குரிய அவகாசமும் இருக்கின்றன என்று விசாரிக்கத் தொடங்கினால், பட்டியல் வெகு விரைவாகச் சுருங்கிவிடுகிறது. பாடத்தைப் பெருக்குவது என்றால் பெயரைப் பெருக்குவது என்று நாம் எண்ணிக்கொண்டுவிட்டோம். பட்டறையைப் பெருக்காமல் பாடத்தைப் பெருக்க முடியாது என்பதற்கும், பதினெட்டு வயதில் பணம் கொடுத்தால் மட்டும் திறக்கிற கதவைப் பதினைந்து வயதிலேயே பணமின்றித் திறந்துவைத்தாலன்றி அந்தப் பட்டறையும் சிலருக்கே உரியதாகிவிடும் என்பதற்கும், இந்தத் தென்புறநகரின் சரித்திரமே ஆதாரங்களை நிரம்ப வைத்திருக்கிறது.

விஸ்காம் என்று சுருக்கமாக வழங்குகிற விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பை எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் 1980-களின் பிற்பகுதியில் அது தொடங்கியபோது, ஓவியம், புகைப்படம், விளம்பரம், நாடகம், திரைப்படம் ஆகிய எல்லாவற்றையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்து, பார்த்தும் கேட்டும் அறியும் உலகத்தை ஒரு கல்வித் துறையாக அங்கீகரித்தது துணிச்சலான காரியமாகவே இருந்தது. அந்த வித்து ஊரெங்கும் பரவியபோதோ, துணிச்சல் பின்தங்கிப் பெயர் மட்டும் முன்னால் போயிற்று. ஆறு பருவங்களுக்குள் காமிராவும் வேண்டும், ஒலிப்பதிவும் வேண்டும், படத்தொகுப்பும் வேண்டும், வரைகலையும் வேண்டும், விளம்பரமும் வேண்டும், பத்திரிகைத் தொழிலும் வேண்டும் என்று வகுத்துக்கொண்ட பாடத்திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரு பருவந்தான். ஒரு பருவத்தில் ஒலியைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். ஒலிப்பதிவாளன் ஆக முடியாது. இதற்கு எதிர்வாதம் இல்லாமலில்லை: பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால்தானே எதில் மனம் ஊன்றுகிறது என்று தெரியும் என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் தொட்டுப் பார்க்கிற காலம் பள்ளிக்கூடத்துக் காலம் அல்லவா? கட்டணம் கட்டிப் பட்டம் வாங்குகிற மூன்றாண்டுகளையும் தொட்டுப் பார்ப்பதிலேயே செலவிட்டுவிட்டு, அதன் பிறகு ஏதேனும் ஒன்றில் அப்பியாசம் பெறுவதற்கு வடபழனியிலோ சாலிகிராமத்திலோ சம்பளமில்லாத உதவியாளனாக நிற்க வேண்டியிருக்கிறது என்றால், தகப்பனாருடைய வருமானம் அதற்கு இடம் கொடுக்கிற பிள்ளைகள் மட்டுமே கடைசிவரை நிற்பார்கள்.

குரோம்பேட்டையின் முன்மாதிரி

இவ்விடத்தில், கலைக்கும் ஊடகத்துக்கும் நேர்ச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்தாபனத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ‘புதிய பாடம்’ என்பதை எவ்விதம் ஆரம்பிப்பது என்பதற்கு இந்தப் பகுதியில் அதைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடையாது. சுதந்திரம் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த 1949-இல், சி. ராஜம் என்னும் தொழிலதிபர், தம் இல்லத்தை விற்றுக் கிடைத்த பணத்தையும் நன்கொடைகளையும் மூலதனமாகக் கொண்டு, குரோம்பேட்டையில் மதராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியை நிறுவினார். பொறியியல் என்றால் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் என்னும் மூன்றையே பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அறிந்திருந்த அந்த நாளில், விமானவியல், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமெண்டேஷன் என்று நான்கு புதிய துறைகளை அவர் தேர்ந்தெடுத்தார். எது விலைபோகும் என்று யோசித்திருந்தால் இந்த நான்கும் அவருக்குத் தோன்றியிருக்க மாட்டா. தேசத்தில் எது இல்லை, இன்னும் பத்தாண்டுகளில் எது இல்லாமல் தவிப்போம் என்று யோசித்தபடியால் தோன்றின. பி.எஸ்ஸி. முடித்தவர்களை எடுத்து மூன்றாண்டுகள் பயிற்றி அந்நிலையம் அளித்த டிப்ளமோவின் மதிப்பு, அதைப் பெற்று வெளியே வந்தவர்களால் உயர்ந்தது. திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு வந்த இரண்டு இளைஞர்களில் ஒருவர் விமானவியல் படித்து அப்துல் கலாம் ஆனார். மற்றவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பிற்காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்று, கூடவே சுஜாதா என்ற பெயரில் தமிழ் வாசகர்களுக்கு விஞ்ஞானத்தையும் திரைப்படங்களுக்கு வசனத்தையும் தந்தார். ஊடகத் தொழிலுக்கு மிகச் சிறந்த எழுத்தாளர் ஒருவரை அளித்தது ஓர் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு என்பதை, பாடத்திட்டம் வகுக்கிறவர்கள் வேடிக்கையாக எண்ணாமல் கொஞ்சம் சிந்தித்துப் பார்க்கலாம்.

நூறு ஆண்டுகள் இன்னும் பின்னே போனால், எழும்பூரை அடுத்த பெரியமேட்டில் இதே மனோபாவத்தைக் காணலாம். அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் சொந்த முயற்சியில் ஆரம்பித்து, 1852-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கலைப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். ஹண்டர் சென்னையில் புகைப்படச் சங்கத்தை நிறுவியது 1856-இல். அதே காலத்திலேயே அவருடைய பள்ளியில் காமிரா நுழைந்துவிட்டது. கப்பல் மாதக்கணக்கில் ஓடிய யுகத்தில், புதிய வித்தை ஒன்று பாரிஸிலிருந்து சென்னை வகுப்பறைக்கு வந்து சேர இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதே பள்ளியின் பட்டறையில்தான் 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அலுமினியத்தில் பாத்திரங்கள் செய்து பார்க்கத் தொடங்கினார். அந்தச் சோதனையே வளர்ந்து ஒரு கம்பெனியாயிற்று. நம் சமையலறையில் அலுமினியப் பாத்திரம் வந்து உட்கார்ந்த கதையில் ஓர் ஓவியப் பள்ளிக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்களே என்று வருந்தி, பாடிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கி, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சோழமண்டலம் என்னும் ஓவியர் கிராமத்தை அமைக்கச் செய்த ஏற்பாடு, தொழிற்கல்விக்கும் கலைக்கல்விக்கும் நடுவே நாம் கட்டி வைத்திருக்கிற சுவர் எவ்வளவு அநாவசியமானது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது. கையால் துணிக்குச் சாயம் ஏற்றியவர்களே தேசத்தின் நவீன ஓவியத்துக்கும் பேர் வாங்கித் தந்தார்கள்.

தரமணி: ஒரே முகவரி, பல எஜமானர்கள்

வேளச்சேரிக்கு அப்பால், தரமணியில், ஒரு மனிதன் அரை நாளில் நடந்தே சுற்றிவிடக்கூடிய வட்டாரத்துக்குள் எத்தனை கலாசாலைகள் இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாகவே இருக்கும். ஜனங்கள் இன்றும் ‘அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்’ என்றே சொல்லுகிற எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிலையம் அங்கே இருக்கிறது. அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்று ஓர் அரசு நிலையம் இருக்கிறது. 1995-இல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்பு நிலையமாகிய நிஃப்ட் இருக்கிறது. 2000-இல் சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிஸம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாத்து வைத்திருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் அங்கேதான். சற்றுக் கிழக்கே திருவான்மியூரில், 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ரம், நாட்டியத்துக்கும் சங்கீதத்துக்கும் பக்கத்திலேயே தறியையும் கலம்காரித் துணியையும் வைத்துப் போற்றிவருகிறது. 1994-இல் தரமணியில் திறக்கப்பட்ட திரைப்பட நகரம் மட்டும் நிலைக்கவில்லை. அந்த நிலத்தில் இப்போது கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் கதை, பாடம் ஒன்று எவ்விதம் பிறந்து எவ்விதம் உருமாறுகிறது என்பதற்கு நல்ல சாட்சி. 1945-இல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தோன்றி, பிறகு தனி நிலையமான அங்கே, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் ஆகியவற்றோடு ‘ஃபிலிம் பிராசஸிங்’ என்ற பாடமும் ஒரு காலத்தில் டிப்ளமோவாக இருந்தது. எடுத்த ஃபிலிமை ரசாயனத்தில் கழுவி, வெப்பத்தையும் நேரத்தையும் அளந்து, நிறத்தைச் சமன்செய்து பிரதி எடுக்கிற வித்தை அது. பி.சி. ஸ்ரீராமும் சுஹாசினியும் ஒளிப்பதிவு கற்றது இந்நிலையத்தில்தான். 1986-இல் வந்த ‘ஊமை விழிகள்’ இதன் மாணவர்கள் கூடிச் செய்த முயற்சியாகையால், கோடம்பாக்கத்தில் பலகாலம் வாய்ப்புக்காகக் காத்திருந்த படித்த பிள்ளைகளுக்கு ஒரு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தது. அதே ஸ்ரீராம், 2004-இல் ‘வானம் வசப்படும்’ படத்தை ஃபிலிம் இன்றி டிஜிட்டல் காமிராவில் எடுத்தார். 2012-இல் கோடக் கம்பெனி திவாலாகிப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. 2013-இல் ஃபியூஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்திற்று. கழுவுவதற்கு ஃபிலிமே இல்லாமற்போயிற்று. நிறத்தை அறியும் கண்ணின் தேவை அதனால் ஒழிந்துவிடவில்லை. அந்தக் கண் தொட்டியை விட்டுத் திரைக்கு இடம் மாறியது. டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று அந்நிலையம் அளிக்கிற நான்காண்டுப் பட்டங்களில், ஒளிப்பதிவு, ஒலிப்பொறியியல், படத்தொகுப்பு, இயக்கமும் திரைக்கதையும், அனிமேஷனும் விஷுவல் எஃபெக்ட்ஸும் ஆகியவற்றோடு, ‘டிஜிட்டல் இண்டர்மீடியட்’ என்று ஒரு பிரிவு இருப்பது இப்படித்தான். சினிமாக்காரர்கள் ‘டி.ஐ.’ என்று சொல்லுகிற அந்த வேலை, பழைய பிராசஸிங்கின் வாரிசு. புதிய பாடம் பழைய பட்டறைக்குள்ளிருந்து முளைத்தது. விளம்பரப் பலகையிலிருந்து முளைக்கவில்லை.

இத்தனை செல்வத்தையும் ஒரே இடத்தில் குவித்து வைத்திருந்தும், இவற்றின் கதவுகள் ஒன்றுக்கொன்று திறப்பதில்லை. ஒன்று மத்திய ஜவுளி அமைச்சகத்தின் பொறுப்பில், ஒன்று மாநிலச் செய்தித் துறையின் பொறுப்பில், ஒன்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின்கீழ், ஒன்று தனியார் அறக்கட்டளையின் நிர்வாகத்தில். அச்சுத் தொழில் படிக்கிற மாணவன் தெருவைக் கடந்து எழுத்துரு வடிவமைப்பில் ஒரு பாடம் கேட்டு, அதைத் தன் டிப்ளமோவில் கணக்கு வைத்துக்கொள்வது நடைமுறையில் இல்லாத காரியம். ஒரு நிறுவனத்தில் ஈட்டிய மதிப்பலகை இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வதற்கான ‘கிரெடிட் வங்கி’ விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இலேயே வகுத்துவிட்டது. விதிகள் தெருவைக் கடப்பதற்குத்தான் அவகாசம் பிடிக்கிறது.

ஜெர்மனி தேசத்தார் இந்த விஷயத்தில் நம்மைவிட முந்திக்கொண்டார்கள். அச்சுக் கோப்பவர், படப் பிரதி செய்பவர் என்று தனித்தனியே இருந்த பழைய தொழில்களைக் கணினி விழுங்கிவிட்டதைக் கண்டு, 1998-இல் அவற்றை ஒன்றாக்கி, டிஜிட்டலுக்கும் அச்சுக்கும் பொதுவான ஊடக வடிவமைப்பாளர் என்னும் ஒரே பயிற்சித் தொழிலாக வகுத்தார்கள். பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளை ஒரு கம்பெனியில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளிக்கும் போய்வருகிற அந்த முறையில், பட்டறை முதலில் இருக்கிறது, பாடம் அதன் பின்னே வருகிறது. நம் நாட்டில் 2014-இல் அறிமுகமான பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டம் ஏறக்குறைய இந்த யோசனையில் எழுந்ததே. பத்தில் ஆறு பங்கு தொழில் திறன், நான்கு பங்கு பொதுக் கல்வி. ஓராண்டில் நின்றால் டிப்ளமோ, ஈராண்டில் மேற்படிப்பு டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம். காகிதத்தில் இதனினும் நேர்த்தியான திட்டம் இருக்க முடியாது. ஆனால் நடுவில் நின்றவர்களைப் ‘படிப்பை விட்டவன்’ என்று சொல்லாமல் ‘டிப்ளமோ வாங்கினவன்’ என்று சொல்லுகிற பழக்கம் நம்மிடையே இன்னும் வரவில்லை.

பதினைந்து வயதின் கதவு

இனி, ஆரம்பித்த இடமாகிய பள்ளிக்கூடத்துக்கே வருவோம். கோளாறின் மூலம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் ப்ளஸ் டூ முறை வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் கூடவே வந்தது. தேசத்தின் பல மாநிலங்கள் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் இங்கே துணிந்து தொடங்கினார்கள் என்பதை மனமுவந்து பாராட்ட வேண்டும். அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும், அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், வேளாண்மை, செவிலியம், நெசவு, ஆடை வடிவமைப்பு என்று அந்தப் பிரிவில் பாடங்கள் உண்டு. ஆடை வடிவமைப்பைத் தவிர்த்துப் பார்த்தால், கண்ணையும் காதையும் கற்பனையையும் தொழிலாக்கிக்கொள்ள விரும்புகிற பிள்ளைக்கு இந்தப் பட்டியலில் கிடைப்பது மிகச் சொற்பம். சென்னையைப்போலச் சினிமாவும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் விளம்பரமும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிற ஊரில், ஒலிப்பதிவோ படத்தொகுப்போ அனிமேஷனோ மேல்நிலையில் ஒரு தொழிற்பாடமாக வேர்கொள்ளாதது ஆச்சரியமான காரியம்.

இருக்கிற ஒரு சிறு சாளரம் கணினிப் பாடத்தில் இருக்கிறது. 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் பல்லூடகத்தைப் பற்றியும் பக்க வடிவமைப்பைப் பற்றியும் அத்தியாயங்கள் வைத்திருப்பது நல்ல நோக்கத்தோடுதான். ஆனால் அங்கே கற்பிக்கப்படுகிற மென்பொருள் பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001-இல். அப்புத்தகத்தை முதன்முதலில் கையில் வாங்கிய மாணவர்கள் பிறந்ததும் ஏறக்குறைய அந்த ஆண்டில்தான். தங்கள் வயதே ஆன, தயாரித்தவர்களே கைவிட்டுவிட்ட ஒரு மென்பொருளின் மெனுக்களை அவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறார்கள். காமிராவை இருபது ஆண்டுக்குள் வகுப்புக்குக் கொண்டுவந்த ஹண்டரின் ஊரில் இப்படி நேர்ந்திருப்பதைச் சிரித்துக் கடந்துவிடுவதற்கில்லை. புதியது வாங்கப் பணம் வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அந்த ஆட்சேபத்துக்கும் இப்போது பலமில்லை. லாட்வியா என்னும் சிறு தேசத்தில் உருவாகி, 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற ‘ஃப்ளோ’, யார் வேண்டுமானாலும் விலையின்றி இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்யப்பட்டது. 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு அரசாங்கமே மடிக்கணினி வழங்கிப் பழகிய மாநிலம் இது. விலையில்லாக் கணினியும் விலையில்லா மென்பொருளும் சந்தித்துக்கொள்ளாமல் இருந்தன என்பதைத் தவிர இதில் வேறு தடை என்ன இருந்தது என்று விளங்கவில்லை.

திறமைக்குப் பஞ்சமா என்றால், 2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் நடைபெறுகிற கலைத் திருவிழாவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஓவியம், சிற்பம், நாடகம், பறை, நடனம் என்று பிள்ளைகள் பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை வந்து காட்டுகிற உற்சாகமும், மாதந்தோறும் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டு உரையாட வைக்கிற ஏற்பாடும், ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று அரசே சிறுவர் பத்திரிகைகளை நடத்துவதும் முன்னெப்போதும் இல்லாத நல்ல காரியங்கள். மேடையில் பரிசு வாங்கிய அதே பிள்ளை அடுத்த ஜூனில் பதினோராம் வகுப்பில் சேர வருகிறபோது, அந்தப் பரிசுக்கு உரிய பாடம் ஒன்று விண்ணப்பத்தாளில் இல்லையே என்பதுதான் குறை. கற்பிக்கிறவர்களின் நிலைமையும் அதற்கேற்றாற்போலவே இருக்கிறது: ஓவியம், தையல், இசை, கணினி, உடற்கல்வி முதலியவற்றுக்கென்று 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் நியமிக்கப்பட்டார்கள். பிற்பாடு தொகை உயர்ந்ததே தவிர, பணி நிரந்தரம் வேண்டி அவர்கள் சென்னைக்கு வந்து போராடுவது வருஷாந்தர நிகழ்ச்சியாகிவிட்டது. கலையைப் பகுதிநேரக் காரியமாக வைத்துக்கொண்டு, முழுநேரக் கலைஞர்களை எதிர்பார்ப்பது எப்படி?

பதினைந்து வயதில் செய்த தேர்வு பதினெட்டு வயதில் எப்படித் திரும்பி வந்து தடுக்கிறது என்பதையும் பெற்றோர்கள் கவனிப்பதில்லை. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு முதலிய தொழில்நுட்பப் பிரிவுகளுக்கு மேல்நிலையில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. லென்சும் ஒலி அலையும் பௌதிகத்தின் பிள்ளைகளே ஆகையால் விதியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் “இவனுக்குப் படம் பிடிப்பதில்தான் புத்தி போகிறது, கணக்கு ஏறவில்லை” என்று காரணம் சொல்லித் தொழிற்கல்விப் பிரிவிலோ காமர்ஸிலோ சேர்த்துவிட்ட பிள்ளைக்கு, அவன் விரும்பிய அரசுக் கல்லூரியின் கதவு அந்தக் கணத்திலேயே சாத்தப்பட்டுவிட்டது என்று யாரும் எடுத்துச் சொல்லுவதில்லை. குறைந்த கட்டணத்தில் நான்காண்டுகள் பழகக் கிடைத்திருக்கும் பட்டறை போய், நிறையக் கட்டணத்தில் ஒரு பருவம் தொட்டுப் பார்க்கிற பட்டம் வந்து சேர்கிறது.

தறியும் வானொலியும்

பட்டறை என்றால் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டுவதே என்று நினைப்பது தவறு. தாம்பரம் மாநகராட்சியில் 2021-இல் சேர்ந்துவிட்ட அனகாபுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாற்றங்கரையில் இருக்கிற இந்த நெசவாளர் ஊரிலிருந்து ‘மதராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்று பேர்பெற்ற கட்டம் போட்ட துணி, கப்பலேறி நைஜீரியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஏற்றுமதி நின்றது, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சிய நெசவாளர்களில் சிலர் வாழை நாரையும் இன்னும் பலவகை இயற்கை நார்களையும் இழையாக்கிச் சேலை நெய்து காட்டி, தேசமெங்கும் பத்திரிகைகளில் இடம்பெற்றார்கள். நெசவு, சாயம், சந்தை, வீழ்ச்சி, மீட்பு என்று ஆடை வடிவமைப்பு மாணவன் அறிய வேண்டிய அத்தனையும் அந்தத் தெருக்களுக்குள் இருக்கிறது. பல்லாவரத்துப் பள்ளியில் ஆடை வடிவமைப்பு எடுத்திருக்கிற மாணவி பேருந்தில் போய்வரக்கூடிய தூரந்தான். அவளுடைய செய்முறை மதிப்பெண்ணில் அந்தத் தறிக்கும் ஒரு பங்கு வைத்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை. நெசவாளிக்கு ஆசிரியர் என்ற மரியாதையும், அதற்குரிய ஊதியமும் கொடுத்தாக வேண்டும் என்பது மட்டும் உண்டு.

அவ்வாறே வானொலி. இந்தியாவின் முதல் சமுதாய வானொலி நிலையமாக 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது, பிற்பாடு பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். வளாகத்தின் ‘முத்துச்சரம்’ போன்றவை தோன்றின. ஒரு சிறிய அறை, இரண்டு மைக், சில கிலோமீட்டர் மட்டும் எட்டுகிற டிரான்ஸ்மிட்டர்: இவ்வளவே மூலதனம். பேட்டி காண்பதற்கும், பேச்சைச் செம்மை செய்வதற்கும், குறித்த நிமிஷத்தில் முடிப்பதற்கும், கேட்பவர் பக்கத்துத் தெருக்காரராகையால் பொய் சொல்லாமல் இருப்பதற்கும் இதைக் காட்டிலும் நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. கல்லூரிகள் கோடி ரூபாய் ஸ்டுடியோக்களைத் திறப்பு விழாவுக்குக் காட்டிவிட்டுப் பூட்டி வைப்பதைவிட, தினந்தோறும் ஒலிபரப்பாக வேண்டிய கட்டாயம் உள்ள ஒரு சிறிய அறை மாணவர்களுக்கு அதிகமாகக் கற்றுக்கொடுக்கும்.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. கோடம்பாக்கத்தில் வேலை பார்த்துவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்புகிற ஒலிப்பதிவாளர்களும் எடிட்டர்களும் தாம்பரம், பல்லாவரம் பக்கங்களில் இல்லாமலா இருக்கிறார்கள்? அவர்களில் பலரிடம் முதுகலைப் பட்டமோ ‘நெட்’ தேர்ச்சியோ இல்லை. கல்லூரிகளின் விஷயத்தில் இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது: தத்தம் தொழிலில் 15 ஆண்டு அனுபவம் உடையவர்களை, பட்டத்தைப் பாராமல், மொத்தப் பணியிடங்களில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் பேராசிரியர்களாக நியமிக்கலாம் என்று மானியக் குழு 2022-இல் வழிகாட்டியது. பள்ளிகளுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அங்கே ஒலியைக் கற்பிக்க, ஒலியை அறிந்தவருக்கு முதலில் பி.எட். வேண்டும்.

பள்ளிக்கூடத்து விதிகள் மாறும் வரையில் காத்திருக்க முடியாதவர்களுக்காக ஒரு பழைய தமிழ்நாட்டு ஏற்பாட்டைச் சொல்லிவைக்கலாம். தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. சொற்பச் சம்பளம் கட்டிக் காலையில் ஒரு மணி நேரம் தட்டிப் பழகி, ‘லோயர்’ என்றும் ‘ஹையர்’ என்றும் அரசாங்கமே நடத்துகிற பரீட்சையில் தேறியவர்கள், எந்தக் க்ரூப் படித்திருந்தாலும், பத்தாவதோடு நின்றிருந்தாலும்கூட, ஓர் உத்தியோகத்துக்குத் தகுதி பெற்றார்கள். ஓவியத்துக்கும் தையலுக்கும் இசைக்கும் அதேபோல அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் உண்டு. பாடத்திட்டம் பொதுவானது, பரீட்சை அரசுடையது, பழகுகிற இடம் மட்டும் அவரவர் தெருவில். அந்த முறையில் இன்னும் சில தாள்களைச் சேர்த்தால் போதும்: ஒலித்தொகுப்பு லோயர், படத்தொகுப்பு லோயர், தமிழில் பக்க வடிவமைப்பு, படங்களுக்குத் தமிழில் வசனத் தலைப்பிடுவது. தாம்பரம் சண்முகம் சாலையிலும் குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்திலும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிற டி.டி.பி. சென்டர்களும், கல்யாண வீடியோ வெட்டுகிற சிறிய அறைகளும் மறுநாளே பயிற்சி நிலையங்கள் ஆகிவிடும். பரீட்சை நடத்துவதற்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இருக்கிறது. அது கணினி அலுவலகப் பயன்பாட்டுக்கு இப்படியொரு சான்றிதழ்த் தேர்வை ஏற்கெனவே நடத்தியும் வருகிறது. பாடத்திட்டம் எழுத ஆள் தேட வேண்டுமானால், தரமணிக்கு அப்பால் போக வேண்டியதில்லை.